நில அளவையின் வரலாறு: அளந்தவரும் எழுதியவரும்

(உரையின் எழுத்து வடிவம்)

1851-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்திய நில அளவைக்கென ஒரு கைந்நூல் வெளியாயிற்று. ஸ்மித், துய்லியர் என்னும் இரு இராணுவ அதிகாரிகள் அதன் தொகுப்பாசிரியர்கள். நூலில் கணிதமும் வானியலும் சார்ந்த கடினமான பகுதிகளை எழுதித் தந்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1831-இல் முக்கோண அளவைத் துறையில் கணக்கராகச் சேர்ந்து, தலைமைக் கணக்கராக உயர்ந்தவர் அவர். முதற்பதிப்பின் முன்னுரையில் அவருக்கு முறையாக நன்றி கூறப்பட்டிருந்தது. சிக்தார் 1870-இல் மறைந்தார். 1875-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதிகள் அதில் இருந்தன. முன்னுரையில் அவர் பெயர் இல்லை. 1876-இல் ஒரு கல்கத்தா இதழில் இதைக் கண்டித்து எழுதியவரும் ஓர் ஆங்கில அளவை அதிகாரியே.

ஒரு முன்னுரையில் ஒரு பெயர் விடுபட்டது சிறிய செய்தி எனத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் நில அளவையின் வரலாறு எழுதப்பட்ட முறையையே அது ஒருவாறு காட்டிவிடுகிறது. அளவையை நடத்தியவர்களே அதன் வரலாற்றையும் எழுதினார்கள். ஆகவே அவர்கள் பார்வைக்குள் வராத மனிதர்களும், அவர்கள் அளக்காமல் விட்ட இடங்களும் வரலாற்றிலும் இடம்பெறவில்லை. முதல் குறையை ஆராய்ச்சியாளர் ஓரளவு கண்டு திருத்தத் தொடங்கியுள்ளனர். இரண்டாவது குறை இன்னும் போதிய கவனம் பெறவில்லை. ஊரக நிர்வாகத்தில் ஈடுபட்டிருப்போர்க்கு அன்றாடம் தொல்லை தருவதோ இந்த இரண்டாவதுதான்.

துறை தன்னைப்பற்றி எழுதியது

இந்திய அளவைகளின் முதல் விரிவான வரலாறு எனத்தக்கது கிளெமென்ட்ஸ் மார்க்கம் எழுதிய நூலாகும். இலண்டனில் இந்தியா ஆபீஸில் பணியாற்றிய அவர், அங்குக் குவிந்துகிடந்த அறிக்கைகளையும் படங்களையும் கொண்டு 1871-இல் அதனை வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1878-இல் வந்தது. அதன் தொடர்ச்சியை சார்லஸ் பிளாக் 1891-இல் எழுதினார். செய்யப்பட்ட பணியைக் கணக்குக் காட்டும் நூல்கள் இவை. இலண்டனில் இருந்தோர்க்குச் செலவின் பயனை விளக்குவது இவற்றின் நோக்கங்களுள் ஒன்று என்பதைப் படிப்போர் மறத்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது ஆர். எச். பில்லிமோரின் பணி. சர்வே ஆப் இந்தியாவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றபின், துறையின் பழம் பதிவேடுகளை அவர் ஏடு ஏடாகப் படித்தார். 1945 முதல் 1968 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அவருடைய தொகுப்பு தேராதூனில் அச்சாயிற்று. கடைசித் தொகுதி வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கி 1861-இல் முடியும் இத்தொகுதிகளில் கருவிகள், சம்பளம், சண்டைகள், காய்ச்சல், தொலைந்துபோன படங்கள், அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் என எதுவும் விடப்படவில்லை. இத்துறையில் எதை எழுத விரும்புவோரும் இவரிடமே தொடங்கியாக வேண்டும். ஐந்தாம் தொகுதி பொது வழக்கிலிருந்து விலக்கப்பட்டது. இமய எல்லைகளைப் பற்றிய செய்திகள் அதில் இருந்தமையே காரணம் எனப்படுகிறது. நூறாண்டுக்கு முந்திய அளவையின் வரலாறுகூட அரசியல் கூச்சத்துக்கு உட்பட்டதாக இருந்த காலம் அது.

பில்லிமோரின் உழைப்பு எத்துணை அரியதோ, அத்துணை தெளிவானது அதன் எல்லையும். துறையின் கோப்புகளில் யார் கையெழுத்திட்டார்களோ அவர்களே பெரும்பாலும் அதில் பேசுகிறார்கள். சங்கிலி இழுத்தவரும், கொடி பிடித்தவரும், கருவியைத் தோளில் சுமந்து மலையேறியவருமான கலாசிகள் சம்பளப் பட்டியல்களிலும் இறப்புக் கணக்குகளிலும் எண்களாகவே வருகின்றனர்.

இந்த எல்லைக்குள் மிக எளிதாகக் கதையாகக்கூடியது முக்கோண அளவை. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சையில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் அமர்ந்து அதைத் தாமே அவர் சீராக்கினார். 1818-இல் அப்பணி ‘மாபெரும் முக்கோண அளவை’ எனப் பெயர்பெற்றது. 1823-இல் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். எவரெஸ்ட் அதனை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டுசென்றார். நாயகன், இடையூறு, வெற்றி என எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்த கதை இது. ஜான் கீ 2000-இல் எழுதிய நூல் இதனைப் பல்லாயிரம் வாசகரிடம் கொண்டுசேர்த்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1997-இல், மாத்யூ எட்னி என்னும் புவியியல் வரலாற்றாசிரியர் இக்கதையின் அடித்தளத்தை ஆராய்ந்திருந்தார். முக்கோண அளவை ஒரு முழுமையான, பிழையற்ற இந்தியப் படத்தை வாக்களித்தது; ஆனால் நடைமுறையில் படங்கள் பலவகைத் துண்டு அளவைகளை ஒட்டவைத்தே உருவாயின; துல்லியம் என்ற எண்ணமே ஆட்சிக்கு ஒரு வலிமையாகப் பயன்பட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். கபில் ராஜ் போன்றோர் வேறொரு வாயிலைத் திறந்தனர். இந்தியரின் அறிவும் கையும் கலந்தே இவ்வளவைகள் பிறந்தன என்று அவர்கள் காட்டினர். சான்றுகள் பழைய நூல்களுக்குள்ளேயே இருந்தன. ரென்னல் தம் இந்துஸ்தானப் படத்தின் விளக்கவுரையில், வங்காளத்துக்கும் தக்காணத்துக்கும் இடையிலான வழிகளை அளந்து தந்த சிப்பாய் அதிகாரி குலாம் முகமதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார். ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மோசின் உசேன் எவரெஸ்டின் நுண்கருவிகளைப் பழுதுபார்த்துப் பின்னர் 1843-இல் துறையின் கணிதக் கருவி வினைஞராக நியமனம் பெற்றவர். அவர் பெயரும் ஏடுகளில் இருந்ததுதான், தேடுவோர் இல்லை.

நயின் சிங் ராவத்தின் நிலை சற்று வேறு. 1865-66-இல் வேடம் பூண்டு லாசா சென்று, 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த செபமாலையால் காலடிகளை எண்ணி வழியளந்தவர் அவர். இலண்டன் புவியியல் கழகம் 1877-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆயினும் உலகம் அறிந்தது ஆங்கில அதிகாரிகள் சுருக்கி எழுதிய அறிக்கைகளையே. அவருடைய நாட்குறிப்புகளை உமா பட், சேகர் பாடக் ஆகியோர் பதிப்பித்து நைனிடாலிலிருந்து 2006-இல் இந்தியில் வெளியிட்டனர். 2004-இல் அவருக்கும் சிக்தாருக்கும் அஞ்சல் தலைகள் வந்தன.

இத்திருத்தத்திலும் ஓர் அபாயம் உண்டு. சிகரம் பதினைந்தே உலகில் மிக உயர்ந்தது என 1852-இல் சிக்தார் ஓடிவந்து அறிவித்தார் என்னும் கதை பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. உண்மையில் அந்தக் கணக்கு பல நிலையங்களிலிருந்து எடுத்த கோணங்களைக்கொண்டு, பலர் சேர்ந்து, பல ஆண்டுகள் செய்த பணி. 29,002 அடி என்னும் முடிவு 1856-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஒரு நாயகனின் இடத்தில் இன்னொரு நாயகனை நிறுத்துவதால் வரலாறு நேராகிவிடுவதில்லை. சிக்தாரின் புகழுக்கு அவர் எழுதிய கைந்நூல் பகுதிகளே போதுமானவை.

கயிறும் மூங்கிலும்

மேலே கூறியவை யாவும் நாட்டின் படத்தைப் பற்றியவை. உழவனின் வயலைப் பற்றிய அளவை வேறு. முக்கோண அளவை மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் இடையே நடந்தது. வருவாய் அளவை வரப்புக்கும் வரப்புக்கும் இடையே நடந்தது. முன்னதற்குப் பில்லிமோர் இருந்தார். பின்னதன் வரலாறோ நிலவரித் திட்ட அறிக்கைகளிலும், கைந்நூல்களிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது.

ஆங்கிலேயர்க்கு முந்திய காலத்துக்கு மிகச் சிறந்த சான்று அபுல் பசலின் அயினி அக்பரி. அக்பர் காலத்தில் நிலம் 60 கஜம் நீளமுள்ள ஜரீப்பால் அளக்கப்பட்டது. முன்பு அது முறுக்கிய கயிறாக இருந்தது. காலைப் பனியில் நனைந்து கயிறு சுருங்கினால் நிலம் கூடுதலாகக் கணக்காகும், உழவனுக்கு நட்டம். வெயிலில் உலர்ந்து நீண்டால் அரசுக்கு நட்டம். ஆகவே இரும்பு வளையங்களால் பிணைத்த மூங்கில் ஜரீப் ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது என்று அந்நூல் கூறுகிறது. கருவியின் குறையும் வரியின் நியாயமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை இதனினும் தெளிவாகக் கூறிய ஆவணம் அரிது.

இச்செய்தியை வரலாறாக்கியவர்களுள் முதன்மையானவர் மோர்லண்ட். ஐக்கிய மாகாணத்தில் நிலப் பதிவேடுகள் துறையின் இயக்குநராக இருந்தவர். 1929-இல் முஸ்லிம் ஆட்சிக்கால வேளாண் அமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். பட்வாரியின் கணக்கைத் தாமே சரிபார்த்த அனுபவம் அந்நூலில் நிறைந்திருக்கிறது. அதனோடு, நிர்வாகியின் கண்ணும் இருக்கிறது: எந்த முறையில் வரி ஒழுங்காக வசூலாயிற்று என்பதே அவருக்கு மையமான வினா. இர்பான் ஹபீப் 1963-இல் வெளியிட்ட நூல் அதே சான்றுகளோடு பாரசீக ஆவணங்கள் பலவற்றையும் சேர்த்துப் படித்து, அந்த வரி உழவன்மேல் எவ்வாறு அழுந்தியது என்று கேட்டது. சான்று ஒன்று, கேட்பவர் மாறியதும் விடை மாறிற்று. மாணவர் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது நலம்.

சோழர் கல்வெட்டுகள் இன்னொரு பாடம் தருகின்றன. முதலாம் இராசராசன் காலத்து நில அளவையில், ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்குகூட அளந்து வரி விதிக்கப்பட்டது என்று வரலாற்று நூல்கள் வியந்து கூறிவந்தன. ஒரு வேலியை ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டால், அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதியளவே ஆகும். எந்தக் கோலும் அதை அளக்காது. அந்தப் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 320-ஐ மும்முறை பெருக்கி, மேலும் 1,600-ஆல் பெருக்கியது என்பது விளங்கும். முந்திரி என்பது 320-இல் ஒன்று. முந்திரிக்கும் கீழ் மீண்டும் அதே அடுக்கில் இறங்கிய பின்ன வாய்பாட்டின் விளைவு இது. வயலில் கண்ட துல்லியம் அன்று. ஓலையில் செய்த கணக்கு. கணக்கரின் திறமை இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் ஏட்டில் உள்ள அளவை நிலத்தில் உள்ள அளவாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எத்துணை ஆழமானது என்பதை இது காட்டுகிறது. இன்றைய அலுவலகங்களிலும் அப்பழக்கம் இல்லாமற் போகவில்லை.

அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஊர்தோறும் மொத்த நிலத்தைக் கூறியபின், வரிக்கு உட்படாத இடங்கள் கழிக்கப்படுகின்றன: ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு. கழித்தது போக எஞ்சியதே அரசு கருத்தூன்றிய நிலம். மக்கள் குடியிருந்த இடம் கழிவுப் பட்டியலில் நின்றது.

நிலவரித் திட்டங்களின் கதை

ஆங்கில ஆட்சியின் வருவாய் அளவைகளைப் பற்றிப் பேடன்-பவல் 1892-இல் மூன்று தொகுதிகள் எழுதினார். மாகாணந்தோறும் முறைகளை விளக்கும் அந்நூல் அதிகாரிகளுக்கு நெடுங்காலம் கைவிளக்காக இருந்தது. அதன் குறை, ஒவ்வொரு முறையும் முந்திய பிழையைத் திருத்திக்கொண்டு சீராக வளர்ந்ததுபோன்ற தோற்றத்தைத் தருவது.

பம்பாய் மாகாணத்து பிரிங்கிள் அளவையை எடுத்துக்கொள்ளலாம். 1820-களின் இறுதியில் தக்காணத்தில் பிரிங்கிள், ஒவ்வொரு வகை நிலத்திலும் சாகுபடிச் செலவு போக நிற்கும் நிகர விளைவைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை வரியாக்க முயன்றார். ரிக்கார்டோவின் வாரக் கொள்கை அதன் பின்னணி. கணக்கு நிலத்துக்குப் பொருந்தவில்லை, வரி மிகுந்தது, நிலங்கள் தரிசாயின. 1835 முதல் கோல்ட்ஸ்மிட்டும் விங்கேட்டும் இந்தாப்பூர் வட்டத்தில் வேலையை மீண்டும் தொடங்கினர். கைந்நூல்கள் இதனைப் பம்பாய் முறையின் வெற்றிக்கு முன் நேர்ந்த ஓர் இடறலாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எரிக் ஸ்டோக்ஸ் 1959-இல் எழுதிய நூலில் அதே நிகழ்ச்சி ஒரு பொருளாதாரக் கொள்கை வயலில் சோதிக்கப்பட்ட கதையாகிறது. இரண்டிலும் நிலத்தை விட்டுச் சென்ற குடியானவனின் பார்வை குறைவே. அவன் எழுதியது எதுவும் கோப்பில் இல்லை என்பது உண்மை. ஆனால் தரிசான வயல்களின் எண்களும், மீண்டும் அளந்தபோது மாறிய எல்லைகளும் மராத்தி மூலப் பதிவுகளில் தேடத்தக்கவை.

வங்காளத்தில் நிலைமை வேறு. 1793-இல் நிரந்தரத் தீர்வை நிலத்தை அளக்காமலேயே நடந்தது. எதை அளக்கவில்லையோ அதன்மேல் ஒரு சொத்துரிமை நிறுவப்பட்டது. குடிவாரதாரரின் உரிமையைக் காட்டும் வயல்வாரி அளவை 1885-ஆம் ஆண்டு குத்தகைச் சட்டத்துக்குப் பின்னரே பெருமளவில் நடந்தேறியது. அந்தப் பதிவிலும் வாரத்துக்கு உழுதவர் பலர் இடம்பெறவில்லை. 1978-இல் மேற்கு வங்காளத்தில் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாரதாரரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிற்று. அங்கு எந்த வயலும் புதிதாக முளைக்கவில்லை. பெயர் எழுதப்பட்டதே மாற்றம்.

செந்நூலுக்கு உள்ளே

வட மாநிலங்களில் கிராமப் படத்தை ஷஜ்ரா என்பர். வயல்களுக்குக் கஸ்ரா எண்கள் உண்டு. குடியிருப்புப் பகுதியைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்புக் கோடு. டில்லி, பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் அதற்கு ‘லால் டோரா’, அதாவது செந்நூல், என்று பெயர். கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு வரப்பும் அளக்கப்பட்டிருக்கும். உள்ளே வீட்டுக்கு வீடு எல்லை இல்லை, எண் இல்லை, பெயர் இல்லை. வரி இல்லாத இடத்தை அளக்கச் செலவு செய்ய எந்த அரசும் முன்வரவில்லை. தமிழ்நாட்டில் நத்தத்தின் நிலையும் நெடுங்காலம் இதுவே; நத்த நிலவரித் திட்டம் என்ற பெயரில் அது பின்னரே மனை மனையாக அளக்கப்பட்டது. சோழர் கல்வெட்டின் கழிவுப் பட்டியலுக்கும் இந்தச் சிவப்புக் கோட்டுக்கும் இடையே தொளாயிரம் ஆண்டுகள் உள்ளன. ஆட்சிகள் மாறின, கருவிகள் மாறின. எதை விடுவது என்பது பெரிதும் மாறவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்பவரிடம் அந்த வீட்டுக்குரிய பத்திரம் இராது. வங்கியில் அதை ஈடாக வைக்க இயலாது. சுவர்த் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்குப் படம் இல்லை. முதியோரின் வாய்ச்சொல்லே சான்று. நிலமற்றவர்க்கு இது இன்னும் கொடிது. வயல் உடையவனுக்கு வயலின் ஆவணமாவது உண்டு. வீடு ஒன்றே உடையவனுக்கு அதுவும் இல்லை. நில அளவையின் வரலாறு எனத் தடித்த நூல்கள் பல இருந்தும், இந்த வெற்றிடத்தின் வரலாற்றைத் தனியே ஆராய்ந்தவை மிகச் சிலவே. துறை எங்கே நோக்கியதோ அங்கேயே வரலாற்றாசிரியரும் நோக்கினார்.

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டம் இக்குடியிருப்புகளை ஆளில்லா விமானங்களால் அளந்து சொத்து அட்டை வழங்க முற்பட்டது. அளக்கும் பொறுப்பு சர்வே ஆப் இந்தியாவுக்கு. மலையுச்சிகளில் தொடங்கிய துறை இரு நூற்றாண்டுகள் கழித்துச் செந்நூலுக்கு உள்ளே வந்திருக்கிறது. மறுபுறம், 2008-இல் தேசிய அளவில் தொடங்கி 2016-இல் டிஜிட்டல் இந்தியா நிலப் பதிவேடுகள் திட்டம் எனப் பெயர் மாறிய பணி, பழைய படங்களையும் பதிவேடுகளையும் கணிப்பொறியில் ஏற்றிவருகிறது.

இவ்விடத்தில் அதிகாரிகளின் கவனத்துக்கு ஒரு செய்தி. பட்வாரி வயலுக்கு எடுத்துச்சென்ற ஷஜ்ரா பல இடங்களில் துணியில் வரையப்பட்டது. துணி மடிந்து, நனைந்து, உலர்ந்து சுருங்கும். தாளும் அப்படியே. சுருங்கிய படத்தை அப்படியே பதிவு செய்து கணிப்பொறி பரப்பைக் கணக்கிட்டால், அது பதிவேட்டுப் பரப்போடு ஒத்துவராது; இரண்டும் தரையோடு ஒத்துவராது. எது சரி என்று தீர்ப்பதற்கு, மூல அளவையின்போது எழுதிய வயற்புத்தகம் வேண்டும்: எந்தக் கோணத்திலிருந்து எத்தனை சங்கிலி, எத்தனை கண்ணி, எங்கே அடித்துத் திருத்தினர், மறு அளவையில் எவர் ஒப்பமிட்டார். கணிப்பொறியில் ஏறியபின் இப்புத்தகங்கள் தேவையற்றவை என்று கருதி, கரையான் அரிக்கும் அறைகளில் விட்டுவிடுவதும் கழித்துவிடுவதும் எளிது. அவை போனால் வழக்குக்கும் சான்று போகும். வரலாற்றுக்கும் சான்று போகும். மாவட்டப் பதிவறைகளில் உள்ள வயற்புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் எடுக்கும் பணியில் கல்லூரி மாணவர்களை ஈடுபடுத்தலாம். செலவு அதிகமில்லை, எழுத்தையும் பழைய அளவைக் குறியீடுகளையும் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற நில அளவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புதிய அளவைக்கும் இது பொருந்தும். விமானம் பறப்பதற்கு முன் கிராமத்தார் தத்தம் மனையின் எல்லையில் சுண்ணாம்புக் கோடு இடுகின்றனர். படத்தில் பதிவாவது அந்தக் கோடு. அக்கோட்டை இடும்போது அண்டை வீட்டார் உடனிருந்தனரா, யார் மறுத்தார், மறுப்பு எவ்வாறு தீர்ந்தது, விதவையின் பங்கு எவர் பெயரில் சென்றது என்பன விமானத்தின் கண்ணுக்குத் தெரியா. கிராம அளவில் எழுதப்படும் விசாரணைக் குறிப்புகளில் மட்டுமே அவை இருக்கும். சுண்ணாம்பு முதல் மழையில் கரைந்துவிடும். அந்தக் குறிப்பேடுகள் எந்த அலுவலகத்தில், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதை அட்டை வழங்கும்போதே முடிவு செய்தல் வேண்டும்.